ஒன்பது போத்தலும் ஓர் ஈர்க்கும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம். அம்மம்மாவுக்கு மூச்சிழுப்பு இந்த மாதம் குறைவு. நீ சித்தியிடம் கொடுத்துவிட்ட பெட்டி போன கிழமை விசுவமடுவுக்கு வந்து சேர்ந்தது. நகப்பூச்சு தீப்பற்றும் சாமான், விமானத் தபாலில் எடுக்கமாட்டார்கள் என்று நீ சொன்னதால் சித்தி தன் சீலைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒன்பது போத்தலில் ஒன்றுகூட உடையவில்லை.

"பூசிப் பார்த்தீங்களா அம்மா?" என்று ஒவ்வொரு நாளும் போனில் கேட்கிறாய். நான் சொல்லத் தொடங்கினால் வேலைக் களைப்பில் பாதியிலேயே நித்திரையாகிவிடுகிறாய். அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். லீவு நாளில் படி.

பக்கத்து வீட்டுச் சின்னவள்தான் எனக்குத் துணை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள், கை நல்ல சுத்தம். முதல்நாள் குசினிக்குள் இருந்து பூசப் பார்த்தோம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தோம். அந்த மணமே தீப்பிடிக்கும் மணம்தான். அம்மம்மாவின் இழுப்புக்கும் அது ஆகாது. முற்றத்தில் இருந்தால் சோளகக் காற்று அள்ளி எறியும் புழுதி முழுவதும் ஈரப் பூச்சில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் விறாந்தையின் மூலையில், சாக்கு ஒன்றைக் காற்றுக்கு மறைப்பாகக் கட்டி, அங்கே கதிரை போட்டோம். இப்போது அதுதான் எங்கள் இடம்.

முதல்நாள் பூசியது அடுத்தநாள் காலை செதில் செதிலாகக் கழன்றது. போத்தல்தான் பிழையோ என்று யோசித்தேன். இல்லை, என் விரலில்தான் எண்ணெய். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுப் பூசியிருக்கிறேன். இப்போது பஞ்சில் கொஞ்சம் பூச்சை அழிக்கும் ரிமூவர் தொட்டு நகத்தை ஒருதரம் துடைத்துவிட்டுத்தான் தொடங்குகிறோம். முதலில் நிறமில்லாத பேஸ் கோட். அது இல்லாமல் சிவப்புப் பூசினால் நகம் மஞ்சளாகிவிடும். அதற்கு மேல் நிறம், மெல்லியதாக இரண்டு தரம். தடிப்பாக ஒரே தரத்தில் பூசி முடிக்கலாம் என்று எனக்கும் அவசரம் வந்தது. அப்படிப் பூசினால் மேலே காய்ந்தமாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். இரவு படுத்து எழும்பினால் பாய்க்கோடு நகத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு இழுக்கவேண்டும். அதைச் செய்யாமல் விதைக் கச்சான் உடைக்கப்போய், ஒரு பின்னேரத்தில் எல்லா நுனியும் போய்விட்டது.

நீ அனுப்பிய பெட்டியில் புள்ளி வைக்கும் கம்பி ஒன்றும் இருந்தது, இரண்டு பக்கமும் குண்டு வைத்தது. வடிவான சாமான். ஆனால் எனக்குக் கைக்கு வந்தது ஈர்க்குத்தான். தென்னோலையில் உரித்து, நுனியைச் சரிவாக வெட்டி வைத்தேன். பெரிய புள்ளிக்கு முடிந்துபோன பேனையின் முனை, அதைவிடப் பெரிதுக்கு கொண்டை ஊசியின் வளைந்த பக்கம். பழைய மூடி ஒன்றில் ஒரு சொட்டு விட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொடவேண்டும். ஒருதரம் தொட்டு நாலு புள்ளி வைத்தால் ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போகும். சின்னவள் அதையே பாவித்து, சிறுத்துப்போகும் புள்ளிகளை வரிசையாக வைத்து ஒரு கொடிபோல ஆக்கினாள். நான் நடுவில் மஞ்சள் ஒன்று, சுற்றிவர வெள்ளை ஐந்து வைத்தேன். ஈரம் காய முதல் ஒவ்வொரு வெள்ளையையும் ஈர்க்கு நுனியால் நடுவை நோக்கி மெல்ல இழுத்தால் இதழாகிவிடுகிறது. பொங்கலுக்கு முற்றத்தில் போடும் கோலத்தை ஒரு நகத்துக்குள் போட்டமாதிரி இருந்தது. கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது வேறு வேலை இல்லை, பிள்ளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு போடவேண்டியதுதான்.

1996இல் எனக்குப் பதினாறு வயது. பொருளாதாரத் தடைக்காலம். சவர்க்காரம், பற்றரி, மண்ணெண்ணெய் எல்லாம் தேடித் தேடி வாங்கிய நேரத்தில் கியூட்டெக்ஸை யார் நினைப்பது? (உனக்கு நெயில் பொலிஷ். எங்களுக்கு எந்தக் கம்பனிப் போத்தலும் கியூட்டெக்ஸ்தான்.) வேலியோரத்து மருதோன்றிதான் எங்களுக்கு. தேயிலைச் சாயமும் தேசிக்காய்ப் புளியும் விட்டு அம்மியில் அரைத்து, நகத்துக்குத் தொப்பிபோல வைத்து, இரவு முழுக்கத் துணி சுற்றிக்கொண்டு படுப்போம். மருதோன்றியின் சாயம் நகத்தோடேயே பிணைந்துவிடும், எந்த ரிமூவருக்கும் போகாது. நகம் வளர வளர அடியிலிருந்து வெள்ளைப் பிறை எழும்பிவரும். அந்தப் பிறையைப் பார்த்துத்தான் எத்தனை கிழமை போனது என்று சொல்வோம். சின்னவளுக்கு இதைச் சொன்னேன். அவள் உடனே அடியில் பிறைமட்டும் வெறுமையாக விட்டு மற்ற இடத்துக்குச் சிவப்புப் பூசிக் காட்டினாள். செலோடேப்பை வட்டமாக வெட்டி அடியில் ஒட்டிவிட்டுப் பூசி, முழுக்கக் காய முதல் உரித்தாள். என்ன வடிவு தெரியுமா? அசல் எங்கள் பழைய மருதோன்றி நகம்.

கலியாண வீடுகளில் இப்போது கோனில் வரும் கறுப்பு மருதோன்றியை மட்டும் தொடவேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். தலைமயிர்ச் சாயத்து மருந்து கலந்த கோனுகள் இருக்கின்றன, தோல் கொப்பளிக்கும். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் ஸ்பொஞ்ச் வேலை. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் புதிதாக ஒரு துண்டு வெட்டி, நனைத்துப் பிழிந்து, அதில் பச்சையும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில் பூசி நகத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தோம். நனைக்காவிட்டால் ஸ்பொஞ்ச் முழுவதையும் குடித்துவிடும். கீழே வெள்ளை பூசியிருந்தால்தான் நிறம் எடுக்கும். ஒருதரம் ஒற்றினால் ஒன்றும் தெரியாது, மூன்று தரம் வேண்டும். மேலே சொரசொரப்பாக இருக்கும், கடைசியில் மேலே பூசும் டொப் கோட் பூசியதும் மட்டமாகிவிடும். அடியில் பச்சை, நுனியில் மஞ்சள். கதிர் முற்றும் நேரத்து வயல். அப்பா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாளில் வெட்டலாம்" என்றார். அவர் அப்படி ஒன்றைப் பார்த்துச் சொல்வது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும்.

தண்ணீர் வேலைதான் எங்களை வாட்டியெடுத்தது. தண்ணீரில் சொட்டு விட்டால் அது படலமாக விரியவேண்டும், அதற்குள் அடுத்த நிறம், அதற்குள் அடுத்தது, மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள்போல. ஈர்க்கால் நடுவிலிருந்து வெளியே இழுத்தால் பூவாகும். அதற்குள் விரலை அமிழ்த்தினால் அந்தப் படம் நகத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு முதலில் ஒன்றும் விரியவில்லை. கிணற்றிலிருந்து அப்போதுதான் அள்ளிய குளிர்த்தண்ணீர், சொட்டு அப்படியே கட்டியாகி அடியில் போய் இருந்தது. தண்ணீரை விறாந்தையில் கொஞ்ச நேரம் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு விட்டோம், விரிந்தது. தோலில் ஒட்டாமல் இருக்கத் தேங்காயெண்ணெய் பூசினேன், அந்த எண்ணெய் தண்ணீரில் மிதந்து படலத்தையே குழப்பிவிட்டது. செலோடேப்பை விரலைச் சுற்றி ஒட்டியது சரிவந்தது. நான் பழைய ரோஸ் போத்தல் ஒன்று வைத்திருந்தேன் அல்லவா, இறுகிப்போனது, அது எந்தத் தண்ணீரிலும் விரியவில்லை. நீ அனுப்பிய புதியவை உடனே விரிந்தன. சொட்டையும் உயரத்திலிருந்து விடக்கூடாது, தண்ணீருக்குக் கிட்டவாகப் பிடித்து விடவேண்டும்.

எல்லாம் சரிவந்தும் விரலை எடுக்கும்போது படம் கெட்டுக்கொண்டே இருந்தது. மேலே மிதக்கும் மிச்சப் படலம் திரும்பவும் வந்து நகத்தில் ஒட்டியதுதான் காரணம். விரலைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அந்த மிச்சத்தை ஈர்க்கில் சுற்றி எடுத்துவிட்டு, பிறகு விரலைத் தூக்கவேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. தண்ணீர் விட்ட யோகட் கப் பதினொன்று பழுதாகிவிட்டது. ஆனால் ஒழுங்காக வந்த அந்த முதல் நகத்தைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் கத்தியதில் அம்மம்மா தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டா.

அது எந்த விரல் என்று சொல்கிறேன். இடக்கை மோதிர விரல். 2009இல் காயப்பட்ட விரல். அடியிலேயே பழுதானதால் அந்த நகம் இன்றுவரை நடுவில் வரப்புப் போட்டுத்தான் வளர்கிறது. ஒரே சிவப்பாகப் பூசினால் மினுக்கத்தில் அந்த வரப்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. தண்ணீர்ப் படத்தின் கோடுகளுக்குள் அது போன இடம் தெரியவில்லை. பூவும் போடத் தேவையில்லை, கோடே போதும். பதினாறு வருடமாகக் கலியாண வீட்டுப் படங்களில் அந்தக் கையை மற்றக் கைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் நின்றேன். நீ கவனித்திருப்பாய்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

2016, நீ ஓ.எல். எழுதிய வருடம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக முதல்நாள், நீ யாரிடமோ இரவல் வாங்கிய இரண்டு போத்தலால் பத்து விரலுக்கும் நீலம் பூசி வெள்ளைப் பூ வைத்திருந்தாய். திங்கட்கிழமை இரவு திரும்பி வந்தோம். செவ்வாய் பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பார்கள் என்று நான் பிளேட்டை எடுத்தேன். காலையில் கடைக்குப் போய் ரிமூவர் வாங்க நேரமும் இருந்தது, காசும் இருந்தது. கோபம்தான். படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்ற கோபம். ரோச் வெளிச்சத்தில் பத்து நகத்தையும் சுரண்டினேன். நீ ஒரு சொல் பேசவில்லை. நகம் மெலிந்து வெள்ளைக் கோடு கோடாகிவிட்டது. நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். கார்த்திகை கழிந்து நீ பரீட்சைக்குப் போகும் நேரத்தில்தான் நகம் பழையபடி வளர்ந்து முடிந்தது. அந்த ஆறு மாதமும் நீ சோறு பிசையும்போது நான் உன் விரலைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளைப் பூவை நீ எதால் வைத்தாய், எவ்வளவு நேரம் இருந்து வைத்தாய் என்று அன்றைக்கு நான் கேட்கவேயில்லை. இந்தக் கிழமை ஒரு பூவுக்கு நான் எத்தனைதரம் அழித்து வைத்தேன் என்று எனக்குத் தெரியும். அது பிழை, பிள்ளை. நான் செய்தது பிழை.

இப்போது நீ முதியோர் பராமரிப்பு வேலையில் நிற்கிறாய். நகப்பூச்சு கூடாது, நகம் நீட்டக்கூடாது. அது சரியான சட்டம்தான், வயதானவர்களின் தோலைத் தொடும் கை சுத்தமாக இருக்கவேண்டும். ஆனால் பூச முடியாத நீ ஏன் ஒன்பது போத்தல் வாங்கினாய் என்று இரண்டு இரவு யோசித்தேன்.

கால் நகத்துக்குப் பூசு. சப்பாத்துக்குள், சொக்ஸுக்குள், ஒருவரும் பார்க்கமாட்டார்கள். நகத்தை நேராக வெட்டு, மூலைகளை உள்ளே வளைத்து வெட்டாதே, சதைக்குள் வளரும். லீவுக்கு முதல்நாள் இரவு பூசினால் அடுத்தநாள் முழுக்கச் சொக்ஸ் போடாமல் காயவிடலாம். ஹீற்றருக்கும் மெழுகுதிரிக்கும் கிட்ட இருந்து பூசாதே, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவை. அழிப்பதென்றால் ரிமூவர் நனைத்த பஞ்சை நகத்தில் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்துவிட்டு ஒரே இழுப்பாக இழு, சுரண்டாதே.

சித்தி அடுத்த கிழமை திரும்புகிறார். நீலப் போத்தலையும் வெள்ளைப் போத்தலையும் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், இரண்டிலும் முக்கால்வாசி இருக்கிறது. அதோடு ஒரு கட்டு ஈர்க்கும் வரும். கழுவிக் காயவைத்து, நுனி வெட்டி, கச்சான் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். பெருவிரலில் தொடங்கு, அதில்தான் இடம் அதிகம்.

அன்புடன்,
அம்மா