ஸ்டென்ட் வைத்த பிறகு யார் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மாபேட்டையில் தறி ஓட்டும் என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாய் அடைக்காமல் திறந்திருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தார்கள். உயிர் பிழைத்தார், நன்றி மறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டோடு 'உப்பு, எண்ணெய் குறைங்க' என்றதோடு சரி. எவ்வளவு தூரம் நடக்கலாம், மறுபடி எப்போது தறிக்குப் போகலாம், எதுவும் சொல்லவில்லை. பயத்தில் இரண்டு மாதம் கட்டிலே கதியென்று கிடந்தார். அப்புறம் உடம்பு தேறிவிட்டதென்று அவராகவே ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆஸ்பிரினோடு அதையும் பொதுவாக ஒரு வருஷம் சாப்பிட வேண்டும், டாக்டரைக் கேட்காமல் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம் என்பது மருந்துக்கடைத் தம்பி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இதயப் புனர்வாழ்வு சிகிச்சை என்பதே இதற்குத்தான். கண்காணிப்போடு படிப்படியாக உடற்பயிற்சி, சாப்பாட்டு ஆலோசனை, பீடி சிகரெட்டை விட உதவி, மனபயத்துக்கு ஆறுதல். மறுபடி மாரடைப்பு வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றனவே, மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு இதையும் அதிலேயே சேர்க்கலாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டிய ஏற்காடு மலைக்காரர்களுக்கு முதலில் தொடங்குங்கள்.

ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்