பங்கருக்குள் தோடி

மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி? நீ வட்ஸ்அப்பில் தினமும் அனுப்பும் கும்பிட்ட கைகளுக்குப் பதில் போட்டு எனக்கு அலுத்துவிட்டது, அதுதான் கடிதம். வாசிக்கப் பஞ்சியாக இருந்தால் உன் மனிசியிடம் கொடு. அவ ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவா, நீ வழக்கம்போல் பாதியில் நித்திரை கொள்ளலாம்.

முதலில் விசா விஷயம். தற்காலிகமாக இருக்க விட்ட எஃப் கார்டை எடுத்துக்கொண்டு, வதிவிட அனுமதியான பி கார்ட் தந்துவிட்டார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் இங்கே இருந்து, வேலை செய்து, டொச் மொழிச் சோதனையும் எழுதியபிறகு விண்ணப்பித்தது. இனித் தபால்பெட்டியைத் திறக்கும்போது வயிறு கலங்காது. பெரியமாமாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் அழுவார்.

சரி, எழுத வந்தது வேறு.

சுவிஸுக்கு வந்த புதிதில் நாதஸ்வரம் ஊதக் கிடைக்குமா என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அது கிடைத்தது. மே பிறந்தால் ஒவ்வொரு கோயிலாகக் கொடியேறும். ஜெர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கும் போய் ஊதினேன். தொழிற்சாலைகளுக்கு நடுவே தெரு நிறையச் சனம், காவடி, தேங்காய் உடைக்கிற சத்தம். ஒரு நிமிடம் மாவிட்டபுரம் என்றே நினைத்துவிட்டேன். சனி ஞாயிறுகளில் கலியாணங்கள் வரும். மிச்ச நாளெல்லாம் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவல். காசுக்குப் பெரிய குறை இல்லை.

ஆனால் கேட்க ஆள் இல்லை மச்சான்.

போன வருடம் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வரப் பிந்திவிட்டது, நேரம் இருந்தது, கல்யாணி ராகம் எடுத்தேன். நன்றாகவே வந்தது. கீழே நின்று, மத்திமத்தில் கொஞ்சம் சுற்றி, மேல் சட்ஜத்துக்குப் போகப் போகிறேன், வீடியோக்காரர் கையைக் காட்டினார். நிறுத்து என்று அர்த்தம். அடுத்த கையசைவுக்குச் சினிமாப் பாட்டு. நிறுத்தினேன். மண்டபத்தில் அவ்வளவு சனம், ஒரு தலையாவது திரும்பியிருக்க வேண்டாமா? ஊரில், இணுவிலில் புகையிலைத் தோட்டத்து வேலை முடித்து வந்து, மேற்கு வீதியில் துண்டை விரித்துக்கொண்டு இருப்பார்களே, அவர்களுக்கு முன்னால் ஒரு கல்யாணியை அப்படிப் பாதியில் விட முடியுமா? ஒரு பிடி பிசகினாலே சோடாக்கடைக்காரர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிவிடுவார். அந்த முகத்துக்குப் பயந்துதானே நாம் சாதகம் செய்தோம். தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975ல் போய்விட்டார், நாம் அவரை நேரில் கேட்டதில்லை. ஆனாலும் அவர் தனி ஆவர்த்தனம் வாசித்த இரவுகளை உன் அப்பா தொடையில் தட்டித் தட்டிச் சொன்னபோது, அந்தச் சனத்துக்குள் நாமும் இருந்த மாதிரித்தான் எனக்கு இன்னும் ஞாபகம். இங்கே நான் நன்றாக ஊதினாலும் ஒன்றுதான், கூடாமல் ஊதினாலும் ஒன்றுதான். அப்படியே பத்து வருடம் ஊதினால் கை என்ன ஆகும், சொல்லு.

சாதகத்துக்கு இடம் கிடைத்தது தனிக் கதை. வீட்டில் ஊத முடியாது. மத்தியானம் ஓய்வு நேரம், இரவு பத்துக்குப் பிறகு மூச்சே விடக் கூடாது, ஞாயிறு முழுக்க அமைதி. எல்லாம் வாடகை ஒப்பந்தத்தோடு தந்த தாளில் எழுதியிருக்கிறது. கட்டிடத்தைப் பார்க்கிறவர் நல்ல மனிதர், என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஓர் அறையைத் திறந்து காட்டினார். பங்கர்! குண்டுக்குப் பதுங்குகிற அறை. இந்த நாட்டில் 1963ல் சட்டம் போட்டு, வீடு கட்டினால் கீழே பங்கரும் கட்ட வைத்தார்கள். ஒரு சாண் மொத்தத்தில் கொங்கிரீட் கதவு, காற்று இழுக்கிற குழாய். உள்ளே யாரோ அடுக்கி வைத்த வைன் போத்தல்களும் பனிச்சறுக்குப் பலகைகளும். முதல் நாள் அந்தக் கதவை இழுத்துச் சாத்தியபோது எனக்குக் கை நடுங்கியது. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு உங்கள் வளவில் ஒரு பங்கர் வெட்டினோமே, அதன் ஈர மண் மணம் மூக்கில் ஏறிவிட்டது. கொஞ்ச நேரம் குழலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு தோடி ராகம் ஊதினேன். சுவரெல்லாம் திருப்பி அடித்தது, எது என் சுரம் எது எதிரொலி என்று தெரியவில்லை. இப்போது பழைய கம்பளங்களைத் தொங்கவிட்டிருக்கிறேன், பரவாயில்லை. குளிர்காலத்தில் சுருதிதான் பாடாய்ப் படுத்தும். தொடங்கும்போது இறங்கி நிற்கும், ஊத ஊதக் குழல் சூடாகி மேலே ஏறும். குழலின் வாயில் செருகி ஊதுகிற நாணல் சீவாளியும் சீக்கிரம் காய்ந்து போகும்.

இனித்தான் முக்கியமான விஷயம். அந்தக் கலியாணம் நடந்து சில கிழமைகளில் ஒரு தாய் ஃபோன் எடுத்தா. பதினாலு வயது மகள், இங்கே பிறந்த பிள்ளை, இசைப் பள்ளியில் ஓபோ என்கிற வெள்ளைக்காரக் குழல் படிக்கிறாளாம். என்னோடு கதைக்க வேண்டும் என்று நிற்கிறாளாம். வந்தாள். முதல் கேள்வியே, "அங்கிள், அன்றைக்கு ஏன் மேலே போகாமல் நிறுத்தினீர்கள்?"

அந்த மண்டபத்தில் அவள் இருந்திருக்கிறாள் மச்சான்! ராகத்தின் பெயர் அவளுக்குத் தெரியாது. எங்கேயோ ஏறப் போனது ஏறாமல் நின்றுவிட்டது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. எனக்குப் பேச்சு வரவில்லை.

சீவாளியைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஓபோவுக்கும் இரண்டு நாக்குத்தான், அதுவும் நாணல் வகைதான், கத்தியால் சீவிச் சீவிச் சரிபண்ணுவார்களாம். வாய் இவ்வளவு விரிந்திருந்தால் மூச்சு நிறைய வேண்டுமே என்றாள். நம்மவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? விரல்தான் கஷ்டம். ஓபோவில் சாவிகள் இருக்கின்றன, அழுத்தினால் சுரம் நிற்கும். தோடியின் காந்தாரம் எந்த விரலில் இருக்கிறது என்று கேட்டாள். ஊதிக் காட்டினேன். ஓரிடத்திலும் நிற்காமல் அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு, திரும்ப ஊதுங்கள் என்றாள். இப்போது மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாட வரிசைகள் போகின்றன.

தகப்பன் விரும்பவில்லை. பெண்பிள்ளைக்கு நாதஸ்வரமா என்பது வாயால் சொன்ன காரணம். சொல்லாத காரணம் உனக்குத் தெரியும். மிருதங்க அரங்கேற்றம் என்றால் கடன்பட்டாவது செய்வார்கள், நம் குழலை மட்டும் தங்கள் பிள்ளையின் கையில் பார்க்க மாட்டார்கள். மேளம் இல்லாமல் சாமி வெளியே வராது, தாலி ஏறாது, ஆனால் பந்தியில் நம்மை எங்கே இருத்தினார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அதுவும் பிளேன் ஏறி வந்துவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் தாய் ஒரே பிடியாக நின்றா. பிள்ளை கிழமைக்கு இரண்டு நாள் வருகிறாள். இப்போது இன்னும் இரண்டு பெடியளும் வந்து பின்னால் இருந்து கேட்கிறார்கள். ஊத அல்ல, கேட்கத்தான். நான் ராகத்தின் பெயரைச் சொல்லாமல் ஊதுவேன், போன கிழமை ஊதியதா புதியதா என்று அவர்கள் சொல்ல வேண்டும். இங்கே எனக்குத் தொழில் என்று ஒன்று திரும்ப வருமென்றால் அது இந்தப் பங்கருக்குள் இருந்துதான் வரும் என்று நம்புகிறேன். மேடை யாரும் தரலாம், காதை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். இங்கே கோயில் நிர்வாகத்தோடு சண்டை போடாத குறையாகக் கதைத்து, வரும் திருவிழாவில் ஒரு நாள், சாமி தெற்கு வீதியில் நிற்கும்போது அரை மணி நேரம் வாங்கிவிட்டேன். தெற்கு வீதி என்றால் பக்கத்துக் கம்பனியின் லொறி நிறுத்துகிற இடம். பரவாயில்லை. சாமி புறப்பாட்டுக்கு ஊதுகிற மல்லாரி முடித்து ராகம், பிறகு உன் தவில் தனி. இங்கே தவில் வாசிக்கிற தம்பி கெட்டிக்காரன், ஆனால் ஓடத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. தனியில் எங்கே நிற்க வேண்டும் என்று அவனும் இந்தப் பிள்ளைகளும் உன்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே நீ வருகிறாய். தோட்டம், மாடு, மனிசி என்று கதை சொல்லாதே. மனிசியோடு நான் கதைத்துவிட்டேன்.

அழைப்புக் கடிதம் கோயிலால் வரும். விசா ஆகக் கூடினது 90 நாள், அது போதும். வரும்போது சீவாளி நிறையக் கொண்டு வா, இங்கே கிடைப்பது கையில் எடுக்கத் தகுந்ததாக இல்லை. பிள்ளைக்குத் திமிரி, அந்தக் குட்டைக் குழல், ஒன்று பார், நீளமான பாரிக்கு அவளுடைய விரல் எட்டாது. அப்புறம், அப்பாவின் தவிலைக் கொண்டு வர வேண்டாம். 1995 இடப்பெயர்வில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவர், அது வீட்டிலேயே இருக்கட்டும். இங்கே காலையில் வெயில் எறிக்கும், மத்தியானம் மழை கொட்டும், வார் இளகினால் இழுத்துக் கட்ட நேரம் இராது. நட்டுப் பூட்டிய தவிலையே கொண்டு வா.

பாஸ்போட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து இந்தக் கிழமைக்குள் அனுப்பு. கும்பிட்ட கை அனுப்பாதே.

உன் பழைய கூட்டாளி