எல்லை தாண்டும் கியர்பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

'காரின் எல்லா உதிரிபாகமும் நம் நாட்டிலேயே' என்பது வளரும் நாடுகள் பலவற்றின் முழக்கம். சின்னச் சந்தையில் அது நடக்காது. கதவுத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சான டை ஒன்றுக்குக் கொட்டும் பணம் சில ஆயிரம் கார்களில் திரும்பாது. லட்சக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும்.

தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் 1988-லேயே இதைப் புரிந்துகொண்டு, உதிரிபாகப் பரிமாற்றத்துக்குச் சுங்கச் சலுகை தந்தன. டொயோட்டா டீசல் எஞ்சினைத் தாய்லாந்திலும், கியர்பெட்டியைப் பிலிப்பைன்ஸிலும், ஸ்டியரிங் பாகத்தை மலேசியாவிலும் செய்து எல்லை தாண்டி அனுப்பியது.

ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தகப் பகுதியில் 2021-ல் வணிகம் தொடங்கியது. ஆனால் சுங்கச் சலுகைக்கு எதை 'ஆப்பிரிக்கக் கார்' என்று ஏற்பது என்ற விதியே ஆண்டுக்கணக்கில் இழுபறியானது. மனம் வலிக்கிறது. ஆலை பெரிய நாட்டுக்குப் போனாலும், வயரிங், இருக்கை வேலைகளாவது அண்டை நாடுகளுக்குக் கிடைக்க அந்த விதியிலேயே இடம் வைக்க வேண்டும்.