'ஓ சுசானா'வின் பூர்வீகத்தையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் வட்டாரப் பள்ளி ஆண்டு விழாக்களில் கீபோர்டு கற்கும் பிள்ளைகள் 'ஓ சுசானா' வாசிக்கிறார்கள். அறிவிப்பில் 'அமெரிக்க நாட்டுப்பாடல்' என்பதோடு சரி. 1848-ல் வெளியான ஸ்டீபன் ஃபாஸ்டரின் அந்தப் பாட்டு மின்ஸ்ட்ரல் மேடைக்குரியது. வெள்ளையர்கள் தக்கையை எரித்த கரியை முகத்தில் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் பரிகசித்த மேடை அது. பாட்டின் மூலச் சரணம் ஒன்றில் 500 கறுப்பர்கள் சாவது வேடிக்கையாக வருகிறது.

1843-ல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் குழு பிடில், பாஞ்சோ, டாம்பரின், எலும்புத் தாளம் நான்கையும் ஒரே மேடையில் சேர்த்தது. இத்தகைய மேடை மெட்டுகள் அமெரிக்க மலைநாட்டுப் பிடில்காரர்கள் கைக்குப் போய், கேலிச் சொற்கள் உதிர்ந்து, பழைய கிராமத்து மெட்டுகளாகிவிட்டன. அப்படி ஒன்றான 'டர்க்கி இன் தி ஸ்ட்ரா' மெட்டு 1830-களில் 'ஜிப் கூன்' என்ற பரிகாசப் பாட்டாக விற்றது.

பாஞ்சோவோ அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய வாத்தியம். (நம்மூரில் சிலர் பாஞ்சோ என்று சொல்லும், பொத்தான் வைத்த புல்புல்தாரா வேறு.) சுரைக்குடுக்கையின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்து அடித்து, குறுக்கே கழியைச் செருகி, நரம்புத் தந்தி கட்டினார்கள். கழுத்தின் பாதியில் தொடங்கும் குட்டைத் தந்தி கட்டைவிரலுக்கு உரியது. மற்றவற்றை ஆள்காட்டி விரல் நகத்தால் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். 1855-ல் வந்த பிரிக்ஸ் என்பவரின் பாஞ்சோ பயிற்சி நூலிலும் இதே அடிமுறைதான். குட்டைத் தந்தியின் மாறாத ஸ்வரம் அடிகளுக்கு இடையே விழுவதுதான் இந்த மெட்டுகளின் துள்ளல். கீபோர்டில் இடதுகை கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தால் மெட்டு சப்பென்று போய்விடும். மேல் ஸ்வரம் ஒன்றை அரையடியில் தட்டிக்கொண்டே வர வேண்டும்.

சுரைக்குடுக்கையில் பாஞ்சோ செய்து பார்க்கும் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. கடல்காற்றின் ஈரத்தில் தோல் தொய்யும். குதிரை (தோல்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் கட்டை) தாழ்ந்து, தந்தி கழுத்தில் உரசி இரையும், சுருதியும் இறங்கும். சற்று உயரமான இரண்டாவது குதிரை ஒன்று கைவசம் இருக்கட்டும். அதற்குப் பயந்து ஈரத்தோலை அளவுக்கு மீறி இழுத்து ஆணியடித்தால், காய்ந்து சுருங்கும்போது குடுக்கை விரிசல் விடும்.

மெட்டுகளை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சாகித்யம் செய்த நோட்டுஸ்வரங்களை, மூலம் இன்னதென்று சொல்லித்தானே கற்றுத்தருகிறோம்? இங்கும் அதே முறை வேண்டும். விழா நிரலில் ஆக்கியவர் பெயரும் ஆண்டும் 'மின்ஸ்ட்ரல் மேடைப் பாட்டு' என்ற குறிப்பும் இருக்கட்டும். வட கரோலினாவின் கறுப்பினப் பிடில் கலைஞர் ஜோ தாம்சனிடம் (1918–2012) கற்று, 2011-ல் கிராமி விருது பெற்ற கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவின் வாசிப்பையும் வகுப்பில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இசை ஆசிரியர்கள்,
மண்டபம்