கிரெய்ன் வேறு, கிராம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஆப்பிரிக்காவில் பெருவிலங்கு வேட்டைக்கு எந்த ரைஃபிள், எந்தக் கேலிபர் (குழலின் உட்குறுக்களவு; .470, .375 போன்ற எண்கள் அதை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்பவை) என்று முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இந்தப் பொருளில் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு. அதனாலேயே அதில் உள்ள பிழைகளை அப்படியே விட மனம் வரவில்லை. வேட்டை சரியா தவறா என்பது தனி வழக்கு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. கென்யாவும் 1977-இல் நிறுத்தியது. அனுமதி இருக்கும் நாடுகளில் தவறான துப்பாக்கியோடு போகிறவர், விலங்கைக் காயத்தோடு புதருக்குள் அனுப்பிவிடுவார். அதைத் தேடிப் போகும் உள்ளூர் வழிகாட்டியின் உயிரும் அதோடு போகலாம்.

முதலில் எடை. ".470 துப்பாக்கியின் தோட்டா 500 கிராம்" என்று அச்சாகியிருக்கிறது. காசிமேட்டில் அரைக் கிலோ வஞ்சிரத்தை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தாலே தெரியும், தோளில் வைத்துச் சுடக்கூடிய எடை அதுவல்ல என்று. மூலத்தில் இருந்திருப்பது கிரெய்ன் என்ற சிறிய ஆங்கில எடை அளவு. ஒரு கிராமுக்கு 15.4 கிரெய்ன். ஆகவே 500 கிரெய்ன் என்பது 32 கிராம் சொச்சம். .375-இன் 300 கிரெய்ன் குண்டு 19.4 கிராம், அதாவது பத்து ரூபாய் நாணயங்கள் இரண்டரையின் எடை. அந்த எடையும் தோட்டாவுக்கு உரியதல்ல, குண்டுக்கு உரியது. பித்தளைக் கூடு, அடியில் தீமூட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு, இத்தனையும் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். கட்டுரை முழுக்க இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

அடுத்து, "கேலிபர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாதுகாப்பு" என்ற வரி. ஆபத்து அதிகம் இந்த வரியில்தான். லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்த .375 மேக்னம் இன்றும் ஆப்பிரிக்காவுக்கு ஒரே ரைஃபிளோடு போகிறவரின் முதல் தேர்வு. 300 கிரெய்ன் குண்டை விநாடிக்கு ஏறக்குறைய 770 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. குழல் வாயில் ஆற்றல் 5,700 ஜூலுக்குச் சற்று மேல். யானை, கேப் எருமை, நீர்யானைக்கு ஜிம்பாப்வே சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 9.2 மில்லிமீட்டரும் 5,300 ஜூலும். .375 அதைத் தாண்டிவிடுகிறது. இதே ரைஃபிளால் குடூ மானையும் சுடலாம். அதற்கு மேல் 1911-இன் .416 ரிக்பி. பழக்கமுள்ள தோளுக்கு எருமை விஷயத்தில் இது இன்னும் நல்லது.

அதற்கும் மேலே போனால் உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பது, தாங்காது. பரவலாகப் புழங்கும் .30-06 ரைஃபிளின் உதையைப் போல .375-க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு; .458 லாட்டுக்கு மூன்று மடங்குக்கும் மேல். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக் குழலைக் கீழே தள்ளிவிடுவார். 60 மீட்டரில் அது ஒரு சாண் விலகல். .458-ஆல் வயிற்றில் பட்ட எருமையைவிட .375-ஆல் இதயத்தில் பட்ட எருமை விரைவில் விழும். இந்தப் பயம் இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. பக்கத்தில் நிற்பவர், சுடுகிறவருக்குத் தெரியாமல், உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி ஒன்றைப் போட்டுக் கொடுக்க வேண்டும். டம்மி வரும்போது குழல் வாய் தலையாட்டினால் அவர் இன்னும் தயாராகவில்லை. இந்தப் பயத்தைப் போக்குவது உதை குறைந்த, சிறிய .22 ரைஃபிள்தான்: அதில் நூறு சுட்டால் பெரிய துப்பாக்கியில் பத்து போதும். மேசையில் சாய்ந்து சுட்டால் உதை முழுவதும் தோளில் இறங்கும். குறி சரிபார்த்த பிறகு மேசையை விட்டு எழுந்து, முக்காலிக் கம்பில் குழலைத் தாங்கி நின்றபடி பழக வேண்டும். காட்டில் அப்படித்தான் சுட வேண்டிவரும்.

கட்டுரை பழைய யானை வேட்டைக்காரர் 'கரமோஜோ' பெல்லைப் பற்றியும் சொல்கிறது. அவர் சுட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளில் பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் மௌசரால் விழுந்தது உண்மை. அதற்குக் காரணம் துணிச்சல் என்று எழுதியது பாதி உண்மை. அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர். அவருடைய 173 கிரெய்ன் குண்டு முழுக்க உலோகத்தால் போர்த்திய, நீண்ட, உருண்டை முனைக் குண்டு. பவுண்டில் எடையை அங்குலத்தில் குறுக்களவின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தால் .375-இன் 300 கிரெய்ன் குண்டுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு வருகிறது: 0.305, 0.306. துளைத்துப் போகும் ஆழத்தில் இரண்டும் ஒரே ரகம். ஆனால் மூளை தவறினால் 7 மில்லிமீட்டரால் யானையை நிலைகுலைய வைக்க முடியாது. பெரிய குண்டு அந்த ஒரு கணத்தை வாங்கித் தரும். சட்டம் பெரியதைக் கேட்பது அதற்காகத்தான்.

குண்டின் அமைப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். செம்புக் கூட்டின் நடுவே ஒரு சுவர், மேலும் கீழும் ஈயம். ஆங்கில எச் எழுத்து போலவே இருக்கும். முன்பாதி காளானாக விரியும், பின்பாதி விரியாமல் முன்னோக்கித் தள்ளும். ஆரம்பத்தில் அந்தக் கூட்டை லேத்தில் கடைந்தே செய்தார்கள். வியாசர்பாடியில் லேத் ஓட்டுகிறவருக்கு ஒரு பார்வையில் புரிந்துவிடும். சுவர் இல்லாத மெல்லிய கூட்டுக் குண்டு எருமையின் தோள் எலும்பில் பட்டுச் சிதறி, நுரையீரலை எட்டாமலே நின்றுவிடும். யானைக்கு விரியவே விரியாத 'சாலிட்' மட்டும். எருமைக்கு முதலில் விரியும் குண்டு, அடுத்தவை சாலிட். முதலிலேயே சாலிட் போட்டால் அது ஊடுருவிப் பின்னால் நிற்கும் இன்னொரு எருமையையும் காயப்படுத்தும். பக்கவாட்டில் நிற்கும் எருமைக்கு, முன்காலின் கோட்டில் மேலே வந்து, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி. திமில் பக்கம் எலும்பு உயர்ந்திருப்பதால் உடலின் நடு என்று கண் நம்பும் இடம் இதயத்துக்கு மேலே போய்விடும்.

.470 பிறந்த காரணத்தையும் தவறவிட்டிருக்கிறீர்கள். யானைத் தோல் தடிப்பு என்பதல்ல காரணம். கலகக்காரர் கையில் இருக்கும் பழைய ராணுவ மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்களுக்குப் பயன்பட்டுவிடும் என்ற அச்சத்தில் 1907-இல் ஆங்கிலேய அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களைத் தடை செய்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவைதான் .470, .465 போன்றவை. நம் மண்ணின் கலகப் பயம் ஆப்பிரிக்க யானைத் துப்பாக்கியின் அளவைத் தீர்மானித்தது என்பது நம் வாசகர் அறிய வேண்டிய செய்தி.

'நைட்ரோ' என்று அழைக்கப்படும் இந்த .470 வகைத் தோட்டாக்களின் கூடு பெரிதாகவும் அழுத்தம் குறைவாகவும் இருப்பதற்குக் காரணம் வெயில். மணலியில் மே மாதம் நிறுத்திய லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே கை வைத்தால் எப்படிச் சுடும்? அதே சூட்டில் தோட்டா கிடந்தால் மருந்து வேகமாக எரியும், அழுத்தம் ஏறும், பித்தளை விரிந்து குழலில் ஒட்டிக்கொள்ளும். இரட்டைக் குழல் துப்பாக்கியில் அதைப் பிடுங்கி எடுக்கும் பலம் குறைவு. தோட்டாவை ஜீப்பின் முன்பலகையில் போடக் கூடாது.

1956-இன் .458 வின்செஸ்டரைப் புகழ்ந்திருக்கிறீர்கள். சாதாரண நீளப் போல்ட்டில் (கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் பொறி) அடங்க வேண்டும் என்று கூட்டை 2.5 அங்குலமாகக் குறுக்கியதால், மருந்தை அமுக்கித் திணிக்க வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் கிடந்தால் அது கட்டிதட்டும். வேகம் தடுமாறும், குண்டு ஆழம் போகாது. எருமையால் அடிபட்ட வேட்டைக்காரர் ஜாக் லாட் பின்னர் கூட்டை 2.8 அங்குலமாக நீட்டி .458 லாட்டை உருவாக்கியது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

போல்ட் ரைஃபிள் வாங்கும்போது மௌசர் 98 வகையைப் பாருங்கள். மேகசினிலிருந்து தோட்டா எழும்போதே அதன் அடிவிளிம்பைக் கொக்கி பிடித்துக்கொள்ளும். கொக்கி பிடிக்காமல் தள்ளிக்கொண்டு மட்டும் போகும் வகையில், பதற்றத்தில் போல்ட்டைப் பூட்டாமல் பின்னிழுத்தால் தோட்டா அறையிலேயே (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) தங்கும். அடுத்தது அதன் பின்னால் முட்டிச் சிக்கும். எருமை வரும் நேரத்தில் அது சரிசெய்யக் கூடிய கோளாறு அல்ல. வாங்குமுன் டம்மித் தோட்டாக்களை நிரப்பி, மெதுவாகவும் வேகமாகவும், துப்பாக்கியைக் கவிழ்த்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தட்டை முனை சாலிட் சில ரைஃபிள்களில் அறையின் வாயில் தட்டும். எடுத்துப் போகும் குண்டையே போட்டுச் சோதிக்க வேண்டும். தொலைநோக்கி 1-4 மடங்கு போதும், கண்ணுக்கும் அதற்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புருவம் கிழியும்.

500 கிராம் என்ற எண்ணையாவது அடுத்த ஞாயிறு திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரைஃபிள் பயிற்சியாளர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 600021