பிள்ளை ஒண்ணு, வரிக் கழிவு எடுக்க ரெண்டு பேரு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல கிராணியா, அதாவது கிளார்க்கா, இருந்து ரிட்டயர் ஆனவன். ஏப்ரல் மாசம் வந்தா நம்ம வாசல்ல மில்லுல வேலை செய்றவங்க, பேக்டரிக்கு போற பிள்ளைங்க எல்லாம் ஐசியும் (அடையாள அட்டை) இஏ பாரமும் (முதலாளி குடுக்குற வருஷச் சம்பளக் கணக்கு) தூக்கிட்டு வந்துருவாங்க, வருமான வரிக் கணக்கை ஈபைலிங்ல, அதாவது ஆன்லைன்ல, தட்டி விட. காசு வாங்கறதில்ல, எப்பவாச்சும் ஒரு பாக்கெட் பிஸ்கட் வரும்.

இந்த வருஷமும் அதே பழைய கதைதான். புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சாச்சு, பிள்ளை அம்மாகிட்ட, அப்பா மாசாமாசம் 400 வெள்ளி (ரிங்கிட்) பேங்க்ல போடுறாரு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பாரத்துல பிள்ளைக்காக வரி போடறதுக்கு முன்னாடி வருமானத்துல கழிச்சுக்கற 2,000 வெள்ளி கழிவை முழுசா எடுத்துட்டாங்க. வரி ஆபிஸ் கடிதம் வந்ததும் அந்தப் பொண்ணு ஓடி வருது, "பிள்ளை என்கிட்டதானே அங்கிள் இருக்கு, அவரு எப்படி எடுக்கலாம்?"

பிள்ளை யார் வீட்ல தூங்குதுன்னு சட்டம் பாக்கலம்மா, யார் செலவு பண்றாங்கன்னுதான் பாக்குது. 1967 வருமான வரிச் சட்டம் 48வது பிரிவுல இருக்கு, சேர்ந்து வாழாத ரெண்டு பேரு ஒரே பிள்ளைக்கு செலவு பண்ணா ஆளுக்குப் பாதி. பாரத்துலயே 100 சதவீதம், 50 சதவீதம்னு தனித்தனி கட்டம் இருக்கு. கடையில 30 வெள்ளி வாங்கிட்டு தட்டி விடுற பையன் அந்த ரெண்டாவது கட்டத்தை தொடறதே இல்ல, "பிரிஞ்சு இருக்கீங்களாக்கா"ன்னு கேக்கறதும் இல்ல. அப்பன் ஒரு காசு தரலைன்னா அம்மா முழுசா எடுக்கலாம், அது வேற. கையில குடுத்தேன் கையில குடுத்தேன்னு சொல்றவங்க பேங்க்ல போடுங்கப்பா, ரசீது 7 வருஷம் வச்சிருக்கணும்.

இன்னொரு கூத்து, பிள்ளைக்கு குடுக்குற காசை முன்னாள் மனைவி ஜீவனாம்சக் கட்டத்துல போடுறது. அந்தக் கட்டத்துல 4,000 வெள்ளி வரைக்கும் உள்ள கழிவு முன்னாள் மனைவிக்கு குடுக்குறதுக்கு மட்டும்தான், அதுவும் முறையான ஒப்பந்தம் இருந்தாதான், வாய்ப்பேச்சு செல்லாது.

பாதின்னா 1,000 வெள்ளி கழிவு, 6 சதவீத வரி கட்டுறவருக்கு மிச்சம் 60 வெள்ளிதான், இதுக்கா சண்டைன்னு தோணும். ஆனா பிள்ளை டிகிரி படிக்கப் போனா கழிவு 8,000, பாதி 4,000, 11 சதவீதத்துல இருக்கறவருக்கு அது 440 வெள்ளி, ஒரு செமஸ்டர் புத்தகக் காசு. 18 ஆயிடுச்சு இனிமே தரமாட்டேன்னு சில அப்பனுங்க சொல்றாங்க பாருங்க, விவாகரத்துச் சட்டத்தை திருத்தி, பிள்ளைக்கு செலவுக்காசு படிப்பு முடியற வரைக்கும்னு ஆக்கிட்டாங்க, 2018 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு, அது நிறைய பேருக்கு தெரியல.

ஐயா, இதை உங்க பத்திரிகையில அரை பக்கமா மார்ச் மாசமே போடுங்க. ஏப்ரல் 30 நெருங்கி போட்டா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க, எல்லாரும் நம்ம வாசல்லதான் நிப்பாங்க.

முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேரா