'ஈ' டிரைவ் எப்போதும் ஒரே டிஸ்க் அல்ல

ஆசிரியருக்கு,

கடைக்காரர்கள் தங்கள் கணக்குக் கோப்புகளை இரவு தோறும் தானாகவே 'ஈ' டிரைவுக்கு நகலெடுக்கும் வழியைத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதி சொல்லியிருந்தது. யோசனை நல்லதுதான். ஆனால் விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியை 'எம்.ஐ.ஆர்.' (/MIR) என்ற சுவிட்சுடன், அதாவது கூடுதல் குறிப்புடன், கொடுக்கச் சொன்னதற்கு ஒரு திருத்தம் வெளியிடுவது அவசியம். மூலத்தில் இல்லாத கோப்பு சேருமிடத்தில் எது இருந்தாலும் அழித்துவிடுவதுதான் அந்தச் சுவிட்சின் வேலை. அன்றிரவு 'ஈ'யாக நிற்பது பேக்கப் டிஸ்க் இல்லை, வீட்டுக் கல்யாணப் படங்கள் உள்ள பென்டிரைவ் என்றால் அத்தனையும் போய்விடும். ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது.

டிரைவ் எழுத்து டிஸ்கில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஒவ்வொரு விண்டோஸ் கணினியும் தன் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில், 'மவுன்டட் டிவைசஸ்' என்ற பகுதியில், எந்த வால்யூமுக்கு (ஒரு டிரைவாகத் தெரியும் சேமிப்புப் பகுதிக்கு) எந்த எழுத்து என்று குறித்து வைக்கிறது. எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரித்த ஹார்ட் டிஸ்க் என்றால், டிஸ்கின் 4 பைட் கையொப்பமும் (அடையாள எண்) பார்ட்டிஷன், அதாவது பிரித்த பகுதி, தொடங்கும் இடத்தைச் சொல்லும் 8 பைட்டும் சேர்ந்து அடையாளமாகின்றன. ஜி.பி.டி. என்ற புதிய முறை டிஸ்கில் பார்ட்டிஷனுக்கே உரிய 128 பிட் எண் உண்டு. டிஸ்கை மறுபடி மாட்டும்போது பழைய எழுத்து காலியாக இருந்தால் விண்டோஸ் அதையே தரும். இல்லாவிட்டால் வேறு எழுத்துதான். யாருக்காகவும் இடம் பிடித்து வைப்பதில்லை. புதிதாகச் செருகும் பென்டிரைவுக்கு 'சி'க்கு அடுத்து காலியாக உள்ள முதல் எழுத்து போகும். 'ஏ'யும் 'பி'யும் ஃபிளாப்பிக்கு ஒதுக்கியவை; ஃபிளாப்பி போயும் அந்த வழக்கம் போகவில்லை. ஆக, பேக்கப் டிஸ்கைக் கழற்றியிருக்கும் நேரத்தில் யாராவது ஒரு பென்டிரைவைச் செருகினாலே 'ஈ' கைமாறிவிடும்.

இதைத் தவிர்க்க, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைத் திறந்து, பேக்கப் வால்யூமின் மேல் வலது கிளிக் செய்து, 'எக்ஸ்' போன்ற கடைசி எழுத்து ஒன்றைக் கொடுங்கள். தற்செயலாக வேறொரு டிரைவ் அந்த எழுத்தைப் பிடிப்பது அரிது. ஆனால் அந்த ஏற்பாடு அந்த ஒரு கணினிக்குத்தான். டிஸ்கை வேறு கணினியில் மாட்டினால் செல்லாது.

அதைவிட நம்பகமானது வால்யூம் சீரியல் எண். கமாண்ட் பிராம்ப்டில் 'வால்' (vol) என்று கொடுத்து டிரைவ் எழுத்தையும் சேர்த்தால், நடுவே கோடு போட்ட 8 இலக்க எண் வரும். இது வால்யூமிலேயே பதிந்திருப்பதால் எந்தக் கணினிக்குப் போனாலும் மாறாது. நகலெடுக்கும் கட்டளைகளை எழுதிவைத்த பேட்ச் ஃபைலின் முதல் வேலையாக இந்த எண்ணைச் சரிபார்க்க வையுங்கள்; பொருந்தாவிட்டால் நகலெடுக்காமல் நின்றுவிட வேண்டும். டிஸ்கை ஃபார்மட் செய்தால் எண் மாறும், அப்போது பேட்ச் ஃபைலிலும் மாற்ற வேண்டும். டிஸ்குக்கு நாம் வைக்கும் பெயரான லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். 'பேக்கப்' என்ற பெயரில் மூன்று டிஸ்க் இருப்பதை எந்தக் கணினியும் தடுப்பதில்லை.

லினக்ஸில் எழுத்துக்குப் பதில் 'எஸ்.டி.ஏ.' (sda), 'எஸ்.டி.பி.' (sdb) என்ற பெயர்கள். லினக்ஸின் மையமான கெர்னல் கண்டுபிடிக்கும் வரிசையில் இவை விழுவதால் அடுத்த முறை பூட் செய்யும்போது (கணினியைத் தொடங்கும்போது) இடம் மாறலாம். எந்த டிஸ்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது என்று சொல்லும் எஃப்.எஸ்.டேப் (fstab) கோப்பில் இவற்றை எழுதாமல், 'பி.எல்.கே.ஐ.டி.' (blkid) கட்டளை காட்டும் யூ.யூ.ஐ.டி. என்ற வால்யூம் அடையாள எண்ணை எழுதுங்கள். கழற்றி மாட்டும் டிஸ்க் என்றால் அதே வரியில் 'நோஃபெயில்' (nofail) சேர்க்க வேண்டும். இல்லையேல் டிஸ்க் இல்லாத நாளில் சிஸ்டம் ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். 'நோஃபெயில்' போட்டால் இன்னொரு சிக்கல். டிஸ்க் மாட்டாத இரவில் பேக்கப், டிஸ்க் இணைய வேண்டிய வெற்று ஃபோல்டருக்குள்ளேயே எழுதி, சிஸ்டம் டிஸ்கை நிரப்பிவிடும். 'மவுன்ட்பாயின்ட்' (mountpoint) கட்டளையால் டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டே நகலெடுக்க வேண்டும்.

தமிழில் லேபிள் வைக்க விரும்புவோருக்கு: லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4 வடிவ வால்யூமில் லேபிளுக்கு 16 பைட்டுதான். ஒரு தமிழ்க் குறி யு.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 3 பைட் பிடிக்கும். கொம்பும் புள்ளியும் தனிக்கணக்கு. 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட்டைத் தின்றுவிடும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வடிவத்தில் 32 குறி வரை தாராளமாக எழுதலாம்.

டிஸ்கை குளோன் செய்யும்போது (அச்சு அசலாக முழு நகல் எடுக்கும்போது) மேற்சொன்ன அடையாளங்களும் அப்படியே நகலாகின்றன. இரண்டையும் ஒரே விண்டோஸ் கணினியில் மாட்டினால் ஒன்று ஆஃப்லைனாகிவிடும். அதை 'ஆன்லைன்' செய்தால் விண்டோஸ் அதற்குப் புதிய கையொப்பம் போடும். பூட் அமைப்பு பழைய கையொப்பத்தையே தேடுவதால் அந்த டிஸ்க் பிறகு பூட் ஆகாது. எஸ்.எஸ்.டி.க்கு மாறுபவர்கள் பழைய டிஸ்கைக் கழற்றிய பிறகே புதியதிலிருந்து முதல்முறை பூட் செய்ய வேண்டும். லினக்ஸில் எக்ஸ்.எஃப்.எஸ். வடிவம் ஒரே யூ.யூ.ஐ.டி. உள்ள இரண்டாவது வால்யூமை மவுன்ட் செய்ய (இணைக்க) மறுத்துவிடும். ஈ.எக்ஸ்.டி.4 மறுக்காது, அதனால் குளோன் செய்த கையோடு 'டியூன்2எஃப்.எஸ்.' (tune2fs) கட்டளை கொண்டு நகலுக்குப் புதிய யூ.யூ.ஐ.டி. கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் துறை வாசகர்,
ஈரோடு